கெட்டியாகும் நேரம்

ஏழு பேர் சேர்ந்து எடுத்த முடிவு அது.
மண்டபம் ரயில்வே கேட் மூடியிருந்த
பத்து நிமிடத்தில்.
நாளொன்றுக்கு ஆயிரத்து அறுநூறு,
அதற்குக் கீழே எவனும் இறங்கக் கூடாது.
சத்தியம் கித்தியம் ஒன்றும் செய்யவில்லை.
டீக்கு அவனவன் காசை அவனவன் கொடுத்தோம்.
கேட் திறந்தது, கலைந்தோம்.

தடைக்காலம்தான் எங்களுக்கு அறுவடை.
கரையேறும் படகு ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும்
ஒரு விரிசலாவது இருக்கும்.
சுரண்டி, தேய்த்து, பைபர் மேட் ஒட்டி
ரெசின் பூசிக் கொடுக்க
அறுபத்தொரு நாள்.
போன வருசம்வரை என் ஒரு நாளுக்கு
இரண்டு படகுக்காரர்கள் சண்டை போட்டார்கள்.
நானும் பிகு பண்ணியிருக்கிறேன்,
அடிக்கிற போனை அடிக்கவிட்டு
பீடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வருசம்
ஏறிய படகில் பாதி ஏறியபடி நிற்கிறது.
"இந்த சீசன் ஓட்டிருவோம், அப்புறம் பாக்கலாம்."
டீசல் கடன், ஐஸ் கடன்,
பிடிபட்டு அக்கரையில் மட்கும்
இன்னொரு படகின் கடன்.
இதற்கு நடுவே சார்ஜா யார்டிலிருந்து
திரும்பி வந்த நாலு பையன்கள்,
கையுறை, முகமூடி, முதுகில் கம்பெனிப் பெயர்.
எங்களைவிடச் சுத்தமாக வேலை செய்கிறார்கள்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினொன்றாம் நாள் போன் அடித்தது.
எமரிட் அண்ணன்.
"ஆயிரத்து நூறுன்னா வா தம்பி.
இல்லேன்னா சொல்லிரு, ஆளு இருக்கு."

ஹார்ட்னர் ஊற்றிவிட்டால்
ரெசினுக்கு இருபது நிமிட ஆயுள்.
வெயில் ஏறினால் பன்னிரண்டு.
பிறகு மக்கில் இருப்பது கல்.
என் வாயிலிருந்த "முடியாதுண்ணே"
எவ்வளவு நேரம் தாங்கியது என்று
நான் பார்க்கவில்லை.
"ரோலர் ஒன்னோடதுதான்" என்றார்.
அதற்கும் சரி.

"ஆயிரத்து அறுநூறு தானே?" என்றாள் மரியபுஷ்பம்,
நகைக்கடன் ரசீதைப் பார்த்தபடி.
ம்ம் என்றேன்.
ம்ம் எந்தத் தொகைக்கும் பொருந்தும்.

விடிவதற்குள் கிளம்பினேன்.
ரயில்வே கேட் வழியாக இல்லை,
கருவேலங்காட்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு
தெற்குத் துறைமுகம்.
இடப்பக்கம் எனக்கு.
வலப்பக்கம் வேறு ஆள் என்றார் அண்ணன்.
சார்ஜாப் பையன் என்று நினைத்தேன்.

கிரைண்டரைப் போட்டேன்.
அந்தப் பக்கமும் ஒன்று கத்தியது.
நாலு இழுப்பு, ஒரு நிறுத்தம்,
மறுபடி நாலு இழுப்பு.
பலகை வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது
எனக்குத் தெரிந்த கை.
நிறுத்தினேன்.
அதுவும் நின்றது.

குனிந்து பார்த்தேன்.
புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு
அவனும் குனிந்திருந்தான், நம்புக்குமார்.
கேட்டருகே ஆயிரத்து அறுநூறு என்று
முதலில் வாயைத் திறந்தவனே அவன்தான்.

கோபால்ட்டையும் ஹார்ட்னரையும்
நேராகச் சேர்க்கக் கூடாது, பற்றிக்கொள்ளும்.
இடையில் ரெசின் வேண்டும்.
எங்கள் இடையில் படகு இருந்தது.
நிமிர்ந்து
அவரவர் பக்கம் தேய்த்தோம்.

மத்தியானம் ஏராவின் நிழல் ஒரு முழம்தான்.
இரண்டு தூக்குவாளியும் அதற்குள் வந்தாக வேண்டும்.
என் முழங்கை கண்ணாடித் தூளில் அரித்தது.
தேங்காயெண்ணெய் பாட்டிலை நீட்டினான்,
முகத்தைப் பார்க்காமல்.
நான் தேய்த்து முடிக்கும்வரை காத்திருந்து
"ஆயிரம்" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"பயலுக்கு ஐ.டி.ஐ. பீஸுய்யா."

ஆயிரத்து நூறு
தொண்டையில் கெட்டியாகிவிட்டது.
"எனக்கும் அதான்" என்றேன்.
சோற்றைப் பிசைந்தான்.
முகம் லேசாகித் தெளிந்ததுபோல் இருந்தது.
அது என்னை இன்னும் கொன்றது.

நாலு மணிக்கு டீ.
இரண்டுக்கும் நான் கொடுத்தேன்.
வடைக்கும்.
"என்னய்யா, நீ குடுக்குற?"

"சில்லறை இருந்துச்சு."